ரயில் கூடினால் டிக்கெட் விலை குறையுமா?

தீபாவளியும் பொங்கலும் நெருங்கும்போதெல்லாம் தென்மாவட்டங்களுக்குக் கூடுதல் ரயில் வேண்டும் என்ற குரல் எழுகிறது. நியாயமான கோரிக்கை அது. ஆனால், ரயில்கள் பெருகினால் கட்டணமும் தானாக இறங்கிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையைச் சற்றுச் சோதித்துப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: வரத்து கூடினால் தக்காளி விலை இறங்குவதுபோல, ரயில் கூடினால் கட்டணம் இறங்கும்.

உண்மை: இந்திய ரயில்வேயில் அடிப்படைக் கட்டணத்தைத் தூரம், வகுப்பு, ரயிலின் வகை ஆகிய மூன்றும்தான் தீர்மானிக்கின்றன. அந்தத் தடத்தில் நாளொன்றுக்கு எத்தனை ரயில் ஓடுகிறது என்பது அந்தக் கணக்கிலேயே வராது. எழும்பூர்–திருநெல்வேலி வந்தே பாரத் 2023 செப்டம்பரில் 8 பெட்டிகளுடன் ஓடத் தொடங்கி, பின்னர் 16 பெட்டிகளாக நீண்டது. இருக்கைகள் பெருகின, நெல்லை எக்ஸ்பிரஸின் ஸ்லீப்பர் கட்டணம் அதனால் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. 2025 ஜூலை 1 முதல் மெயில், எக்ஸ்பிரஸ் ரயில்களில் ஏசி அல்லாத வகுப்புக்குக் கிலோமீட்டருக்கு 1 பைசாவும் ஏசி வகுப்புக்கு 2 பைசாவும் கூடியபோது, ரயில் மிகுந்த தடத்துக்கும் ரயில் அரிதான தடத்துக்கும் உயர்வு ஒன்றாகவே இருந்தது.

நம்பிக்கை 2: அப்படியானால் கூடுதல் ரயிலால் பயணியின் பைக்கு லாபமே இல்லை.

உண்மை: லாபம் உண்டு. அட்டவணையில் உள்ள கட்டணம் குறையாவிட்டாலும், நாம் கையிலிருந்து கொடுக்கும் தொகை குறையும். இடம் கிடைக்காதவர்தான் தட்கலுக்குப் போகிறார். ஸ்லீப்பரில் அதற்கு மட்டும் 100 முதல் 200 ரூபாய் வரை கூடுதல். பிரீமியம் தட்கலில் இடம் தீரத் தீரக் கட்டணம் ஏறும். ராஜதானி, சதாப்தி, துரந்தோ ரயில்களின் பெரும்பாலான வகுப்புகளில் 2016 செப்டம்பர் முதல், ஒவ்வொரு 10 சதவீத இடம் விற்றதும் அடிப்படைக் கட்டணம் 10 சதவீதம் உயர்கிறது. இந்த ஏற்றத்துக்கு உச்சவரம்பு உண்டு. அங்கும் இடம் கிடைக்காதவர் விழாக்கால ஆம்னி பஸ் கேட்கும் விலையைக் கொடுத்தாக வேண்டும். போதுமான இடங்கள் இருந்தால் இந்தச் செலவுகளெல்லாம் மிச்சமாகும். கூடுதல் ரயில் தரும் உண்மையான சேமிப்பு இதுதான்.

நம்பிக்கை 3: எந்த ரயில் விட்டாலும் ஏழைப் பயணிக்கு நன்மைதான்.

உண்மை: ரயிலின் வகையை வைத்தே கட்டணம் மாறுகிறது. கொரோனாவுக்குப் பின் பாசஞ்சர் ரயில்கள் எக்ஸ்பிரஸ் சிறப்பு ரயில்களாக மீண்டும் ஓடியபோது, குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாயிலிருந்து 30 ரூபாயானது. தண்டவாளம் அதே, நிறுத்தங்களும் பெரும்பாலும் அவையே; மாறியது வகை மட்டும். 2024 பிப்ரவரியில்தான் பழைய கட்டணம் திரும்பியது. அன்றாடம் வேலைக்குப் போகிறவர்கள் அதுவரை மும்மடங்கு கொடுத்தார்கள். அதேபோல், முழுக்க ஏசி பெட்டிகளோடு வரும் புதிய ரயில், முன்பதிவில்லாப் பெட்டியில் நின்றுகொண்டே போகிறவருக்கு எந்த உதவியும் செய்யாது.

நம்பிக்கை 4: வெளிநாடுகளில் ரயில்கள் பெருகியதும் கட்டணம் சரிந்ததே!

உண்மை: ஸ்பெயினின் மாட்ரிட்–பார்சிலோனா தடத்தில் சரிந்தது. அரசு நிறுவனமான ரென்ஃபேயுடன் போட்டியிட 2021இல் ஊய்கோவும், 2022இல் இரியோவும் வந்தன. பயணியைத் தம் பக்கம் இழுக்க மூன்றும் விலையைக் குறைத்தன. ஜப்பானின் டோக்கியோ–ஒசாகா தடத்தில் நொசோமி அதிவேக ரயில்கள் மணிக்கு 12 வரை ஓடுகின்றன. அந்த அடர்த்திக்காகக் கட்டணம் இறங்கவில்லை. அங்கே நடத்துவது ஒரே நிறுவனம். ஆகவே விலையை இறக்கியது ரயில்களின் எண்ணிக்கை அல்ல, போட்டி. ஸ்பெயினின் வழியை அப்படியே இங்கு எதிர்பார்க்கவும் முடியாது. ஒரு பயணியை ஒரு கிலோமீட்டர் ஏற்றிச்செல்ல 1.38 ரூபாய் செலவாகிறது, வசூலிப்பதோ 73 பைசாதான் என்று ரயில்வே அமைச்சர் 2025 மார்ச்சில் மாநிலங்களவையில் தெரிவித்தார். பற்றாக்குறையைச் சரக்கு ரயில் வருவாய் ஈடுகட்டுகிறது. அடக்கவிலைக்குக் கீழே இருக்கும் கட்டணத்தைப் போட்டியால் மேலும் இறக்க முடியாது.

ஆக, ரயில்கள் பெருகுவதால் மட்டும் கட்டணம் குறையாது. கட்டணம் அரசின் கொள்கை முடிவு. உங்கள் தொகுதி எம்.பி.யிடம் மனுக் கொடுக்கும்போது “இன்னொரு ரயில் விடுங்கள்” என்று மட்டும் எழுதாதீர்கள். எந்த வகை ரயில், எந்தக் கட்டணத்தில், எத்தனை ஸ்லீப்பர் பெட்டிகள், எத்தனை முன்பதிவில்லாப் பெட்டிகள் என்பதையும் சேர்த்து எழுதிக் கேளுங்கள்.