எள்ளுச் செடியில் கொம்புப் புழு

கேள்வி: எங்கள் எள்ளுக் கொல்லையில் விரல் தண்டிக்கு ஒரு பச்சைப் புழு. வாலில் கொம்பு வேறு! கொட்டுமா?

பதில்: கொட்டாது. கொம்பு சும்மா மிரட்டத்தான். இலையைத்தான் மொட்டையடிக்கும், ஒன்றிரண்டு என்றால் கையால் பொறுக்கிவிடலாம். வளர்ந்ததும் மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகும். பிறகு வரும் அந்துப்பூச்சியின் முதுகைப் பாருங்கள்: மஞ்சளாக ஒரு மண்டையோடு!

அதனால்தானோ என்னவோ, பெயர் வைத்தவர்கள் எமலோகத்துக்கே போய்விட்டார்கள். பேரினம் அக்கெரோன்ஷியா, அக்கெரோன் கிரேக்கர்களின் பாதாள ஆறு. இதில் இருப்பவை 3 இனங்கள். 1758இல் லின்னேயஸ் பெயரிட்ட அட்ரோபோஸ், உயிர்நூலை அறுக்கும் விதி தேவதை. ஆப்பிரிக்கா, ஐரோப்பாவில் திரிகிறது. நூலை அளக்கும் லாக்கெசிஸும், இன்னொரு பாதாள ஆறான ஸ்டிக்ஸும் ஆசியாவுக்கு. நம் எள்ளில் மேய்வது பெரும்பாலும் ஸ்டிக்ஸ்தான்.

இதே ஸ்ஃபிஞ்சிடே குடும்பத்துப் பூச்சிகள் பல, நீண்ட உறிஞ்சுகுழலால் பூவில் தேன் குடிக்கும். இதற்கோ குட்டையான, தடித்த குழல். இரவில் தேன்கூட்டுக்குள் நுழைந்து, மெழுகு மூடியைக் குத்தித் தேனை உறிஞ்சும். திருடன்தான், சந்தேகமில்லை. பிடித்தால் எலிக்குஞ்சு போலக் கீச்சிடும்; வாய்வழியே காற்றை இழுத்து எழுப்பும் சத்தம் அது.