பள்ளிப் பாதுகாப்பு: கட்டடமும் பயிற்சியும்

கல்வி வளர்ச்சிக்கென ஒதுக்கப்படும் நிதியில் கட்டடங்களுக்கும் கருவிகளுக்கும் முதலிடம் கிடைப்பது இயல்பே. ஆனால், அக்கட்டடத்தினுள் இருப்போருக்கு ஆபத்துக் காலத்தில் செய்ய வேண்டுவன பற்றிய பயிற்சியும் முதலீடே என்பதைப் பல நேரங்களில் மறந்துவிடுகிறோம்.

1995 டிசம்பர் 23 அன்று அரியானாவிலுள்ள மண்டி டப்வாலியில், பள்ளி ஆண்டு விழாப் பந்தல் தீப்பற்றி 400க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில், சமையற்கூடத் தீ கூரைக்குப் பரவி 94 குழந்தைகள் உயிரிழந்தனர். வெளியேறும் வழி போதாமை இவ்விரு துயரங்களுக்கும் பொதுவானது.

சட்ட அடிப்படை

கும்பகோணம் நிகழ்வையொட்டித் தொடரப்பட்ட வழக்கில் 2009 ஏப்ரல் 13 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கல்வி பெறும் உரிமையில் பாதுகாப்பான பள்ளிக்கான உரிமையும் அடங்கும் என அது தெளிவுபடுத்தியது. தீயணைப்புக் கருவிகளைப் பொருத்துவதோடு, அவற்றைக் கையாள ஆசிரியருக்கும் பணியாளருக்கும் பயிற்சி தர வேண்டும் எனவும் ஆணையிட்டது. 2016இல் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் பள்ளிப் பாதுகாப்புக் கொள்கை நெறிமுறைகளை வெளியிட்டது. ஒவ்வொரு பள்ளியும் தனக்கெனப் பேரிடர் மேலாண்மைத் திட்டம் வகுப்பதும், ஒத்திகை நடத்துவதும் அதன் முக்கியக் கூறுகள்.

பயிற்சியின் கூறுகள்

முதலாவது, தீயணைப்புக் கருவியின் பயன்பாடு. பாதுகாப்பு ஊசியை நீக்கி, குழாய்முனையைச் சுடரை நோக்கியன்றித் தீயின் அடிப்பாகத்தை நோக்கிப் பிடித்து, விசையை அழுத்தி, இருபுறமும் வீச வேண்டும். சுவரில் தொங்கும் கருவியை ஒருமுறையேனும் கையில் எடுத்துப் பழகாதவர், பதற்றத்தில் அதனை இயக்குவார் என எதிர்பார்க்க இயலாது.

இரண்டாவது, வெளியேற்ற ஒத்திகை. மணியோசை கேட்டது முதல் கடைசி மாணவர் திடலை அடையும் வரையிலான நேரத்தைக் குறித்து, வருகைப் பதிவேட்டுடன் எண்ணிக்கையைச் சரிபார்க்க வேண்டும். உடற்குறையுள்ள மாணவருக்குத் துணை நிற்பவர் யார் என்பதையும் முன்னரே வரையறுக்க வேண்டும். அடுத்த ஒத்திகையில் அந்நேரம் குறைகிறதா என்பதே முன்னேற்றத்தின் அளவுகோல்.

மூன்றாவது, நிலநடுக்கப் பயிற்சி. அதிர்வின்போது ஓடாமல், குனிந்து, மேசையடியில் தலையைக் காத்து, அதிர்வு நின்றபின் வரிசையாக வெளியேற வேண்டும்.

முரண்படும் இரு தேவைகள்

2014 டிசம்பரில் பெஷாவர் பள்ளி தாக்கப்பட்டபின், மதிற்சுவரும் வாயிற்காவலும் நம் நாட்டிலும் கூடுதல் கவனம் பெற்றன. அயலார் நுழைவதைத் தடுக்க வாயில்களைப் பூட்டுகிறோம். தீ மூண்டால் அதே பூட்டு மாணாக்கரைச் சிறைப்படுத்துகிறது. உள்ளிருந்து எளிதில் திறக்கும் தாழ்ப்பாளும், சாவியோடு அருகிலேயே இருக்கும் பணியாளரும் இம்முரண்பாட்டைத் தீர்ப்பர். இங்கும் தேவைப்படுவது பெருஞ்செலவன்று, முன்கூட்டிய சிந்தனையே.

கல்லூரி வளாகங்களில் ஆய்வுக்கூடம், விடுதி ஆகியவற்றுக்குத் தனித்தனித் திட்டம் வேண்டும். பகடிவதையைத் தடுக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2009இல் விதிமுறைகள் வகுத்துள்ளது. 2019 மே 24 அன்று சூரத் நகரில் தனிப்பயிற்சி வகுப்புகள் நடந்த கட்டடத்தில் 22 பேர் உயிரிழந்த தீ விபத்து, இத்தகைய நிலையங்களும் கண்காணிப்புக்கு உட்பட வேண்டும் என்பதை உணர்த்தியது.

நிதியும் ஆய்வும்

கட்டடம் ஒருமுறைச் செலவு; கருவிப் பராமரிப்பும் பயிற்சியும் தொடர் செலவுகள். ஆசிரியர் மாறுகிறார், ஆண்டுதோறும் புதிய மாணவர் சேர்கின்றனர். ஆகவே, சென்ற ஆண்டுப் பயிற்சி இவ்வாண்டுக்குப் போதாது. ஆண்டு மதிப்பீட்டில் இதற்கெனத் தனி இனம் வேண்டும்.

ஆய்வுக்குச் செல்லும் அலுவலர், 'கருவி உள்ளதா?' எனக் கேட்டு நிறுத்திவிடலாகாது. கடைசி ஒத்திகை எப்போது நடந்தது? எத்தனை நிமிடம் ஆயிற்று? இரண்டாம் வாயிலின் சாவி யாரிடம் உள்ளது? அவசர உதவிக்கு 112, குழந்தைகள் உதவிக்கு 1098 ஆகிய எண்களை மாணவர் அறிவரா? இவ்வினாக்களுக்குப் பள்ளி தரும் விடையே செலவிட்ட நிதியின் உண்மைப் பயனைக் காட்டும். பெற்றோர் நம்மை நம்பியே குழந்தைகளை அனுப்புகின்றனர். அந்நம்பிக்கையைக் காப்பது நம் கடமையாகும்.