வினையோடு சேர்த்துப் படியுங்கள்

கேள்வி: தாம்பரம் மெப்ஸ் வளாகத்தில் வேலை பார்க்கிறேன். ஆங்கில மின்னஞ்சலில் 'டிஸ்கஸ் அபௌட்' என்று எழுதுவது தவறா?

பதில்: தவறுதான். 'அதைப் பற்றி விவாதிப்போம்' என்ற நம் தமிழ்ப் பழக்கம் அந்த 'அபௌட்'டை எளிதாக உள்ளே இழுத்துவிடும். ஆங்கிலத்தில் முன்னிடைச்சொல்லை வினைச்சொல்லே முடிவு செய்கிறது; பொருளை வைத்து ஊகிக்க முடியாது. 'ரிப்ளை', 'ஆன்சர்' இரண்டும் பதிலளிப்பதுதான். முன்னது 'டு' கேட்கும், பின்னது கேட்காது. தமிழிலும் 'எனக்குப் பிடிக்கும்', 'நான் விரும்புகிறேன்' என்று வினைக்கேற்ப வேற்றுமை மாறுகிறதே! புரிந்தால் போதாதா என்பீர்கள். 'டிஸ்கஸ் அபௌட்' புரியும். ஆனால் சில வினைகளில் பொருளே மாறிவிடும்: 'அப்ரூவ்' என்றால் ஒப்புதல் தருவது, 'அப்ரூவ் ஆஃப்' என்றால் நல்லதென்று கருதுவது. ஒரு பில்லுக்கு ஒப்புதல் கேட்டு எழுதும்போது இந்த வேறுபாடு முக்கியம். ஆகவே வினையையும் அதன் துணைச்சொல்லையும் ஒரே சொல்லாக மனத்தில் பதியுங்கள்.