ஒரே எழுத்து, வேறு பொருள்

கேள்வி: பாட்டியின் அரபுத் தமிழ் நூலில் சில சொற்கள் அரபிச் சொற்களைப் போலவே எழுதப்பட்டுள்ளன. ஆனால் பொருள் ஒட்டவில்லையே, ஏன்?
– வாசகர், பூம்புகார்

பதில்: அவை அரபிச் சொற்களே அல்ல, அரபி எழுத்தில் எழுதிய தமிழ். காஃப், லாம் என்ற இரண்டு எழுத்துகளை எடுத்துக்கொள்ளுங்கள். அரபியில் 'குல்' என்று படித்தால் 'அனைத்தும்'. உருதுக்காரர் 'கல்' என்பார். அவருக்கு அது நேற்று, நாளை இரண்டுமே. பாட்டியின் நூலில் அதே இரண்டெழுத்து நம் கல்! மீம், நூன் இன்னும் வேடிக்கை: அரபியில் 'மன்' என்றால் யார், 'மின்' என்றால் இருந்து, பாரசீகத்தில் 'மன்' என்றால் நான், உருதுவில் மனம்.

அரபியில் உயிர்க்குறிகளைப் பெரும்பாலும் எழுதுவதில்லை, பழகியவர் ஊகித்துக்கொள்வார். தமிழில் அப்படி விட்டால் கல்லும் கொல்லும் ஒன்றாகிவிடும். அதனால் அரபுத் தமிழில் குறிகளைத் தவறாமல் இட்டார்கள். ட, ழ, ள போன்ற ஒலிகளுக்குப் புள்ளி கூட்டித் தனி எழுத்துகளும் அமைத்தார்கள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) இம்முறையில் பல நூல்கள் இயற்றினார். எத்தனையோ வீட்டுப் பெண்கள் மார்க்கம் கற்றது இந்த எழுத்தில்தான்.

குறிகளைப் பார்த்து வாய்விட்டுப் படியுங்கள், தமிழ் கேட்கும். அந்த நூலைக் கரையானுக்கு விட்டுவிடாதீர்கள். இன்றே படமெடுத்து வையுங்கள்.