காதுக்குச் செய், மருமகனே

பழவேற்காடு

அன்பு மருமகனுக்கு மாமா எழுதுவது. ஏரியில் இறால் வரத்து சுமார்தான். முகத்துவாரம் மறுபடி மணல் மூடிக்கொண்டு வருகிறது. அதைப் பற்றி உன் அம்மா போனில் சொல்லியிருப்பாள்.

நீ அனுப்பிய தேவாரச் செயலியைப் பக்கத்து வீட்டுப் பையன் என் போனில் ஏற்றிக் கொடுத்தான். திறந்ததும் நடராசர் மின்னினார், பூ உதிர்ந்தது. பிறகு போன் நம்பர் கேட்டது, ஓடிபி கேட்டது, எந்தத் திருமுறை, எந்தத் தலம், எந்தப் பண் என்று வரிசையாகக் கேட்டது. பாட்டு வருவதற்குள் எனக்கு வேறு வேலை வந்துவிட்டது. நன்றாக உழைத்திருக்கிறாய், அதில் சந்தேகமில்லை. ஆனால் அத்தனை உழைப்பும் கண்ணுக்குப் போயிருக்கிறது. இதைக் காதுக்குச் செய் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

யார் கேட்கப் போகிறார்கள் என்று யோசித்தாயா? விடியுமுன் படகைத் தள்ளுகிறவன் போனைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி மடியில் வைத்திருப்பான். கரையில் இறால் பிரிக்கிற உன் அத்தைமார் கையெல்லாம் ஈரம். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத கிழவிகள் ஒவ்வொரு குப்பத்திலும் இருக்கிறார்கள். இவர்களுக்கு ஒரே ஒரு பெரிய பொத்தான் போதும். தொட்டால் பாட வேண்டும், இன்னொரு முறை தொட்டால் நிற்க வேண்டும். கடலுக்குள் போனால் சிக்னல் கிடையாது, ஆகையால் பதிகம் முன்கூட்டியே போனுக்குள் இறங்கியிருக்க வேண்டும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். நம் குப்பத்துக் காதுகள் தேவாரத்தில் வளர்ந்தவை அல்ல. ஆடி மாதம் கூழ் ஊற்றும்போது ஒலிபெருக்கியில் எல்.ஆர். ஈஸ்வரி பாடுவார், அதுதான் நமக்குப் பக்தி. தேவாரம் என்றால் பெரிய கோயில், படித்தவர்கள், நமக்குச் சம்பந்தமில்லாதது என்ற எண்ணம் இங்கே ஊறிப்போயிருக்கிறது. அந்த எண்ணம் தப்பு. திருமுறை கண்ட புராணம் சொல்கிற கதையைப் பார். தில்லையில் பூட்டிக் கிடந்த ஏடுகளை இராசராசனும் நம்பியாண்டார் நம்பியும் திறக்கிறார்கள். கறையான் தின்றது போக மிச்சம்தான் கைக்கு வருகிறது. எழுத்து கிடைத்துவிட்டது, ஆனால் எப்படிப் பாடுவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. கடைசியில் எருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணைத் தேடிப் போய்ப் பண் அமைக்கச் சொல்கிறார்கள். பாணர் என்றால் அந்தக் காலத்தில் கோயில் வாசலுக்கு வெளியே நின்ற குலம். அரசனிடமும் இல்லாதது, ஏட்டிலும் இல்லாதது, அந்தப் பெண்ணின் காதில் இருந்திருக்கிறது. அவள் பெயரைக்கூட எழுதி வைக்கவில்லை பார், அது எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம்.

ஆனால் நம் காதுகள் இதற்குப் புதியவை, அதனால் எட்டாயிரத்துச் சொச்சம் பாட்டையும் ஒரேயடியாகக் கொட்டாதே. அந்த வேலையைப் பெரியவர்கள் ஏற்கெனவே செய்துவிட்டார்கள். யாழ்ப்பாணத்து மறவன்புலவு சச்சிதானந்தன் முன்னின்று உழைக்க, தருமபுரம் ஆதீனத்தின் பெயரில் பன்னிரு திருமுறைக்கும் இணையத்தில் உரையும் மொழிபெயர்ப்பும் இருக்கின்றன, தருமபுரம் ப. சுவாமிநாதன் குரலில் பாட்டும் இருக்கிறது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார் 2007இல் தேவாரத்தை வி.மு. சுப்பிரமணிய ஐயரின் ஆங்கில உரையோடு குறுந்தகட்டில் கொண்டுவந்தார்கள். அந்தக் கடலில் போய் நீயும் ஒரு குடம் ஊற்ற வேண்டாம். நம் கரைக்கென்று சில பதிகங்கள் போதும். எவை என்று சொல்கிறேன்.

முதலில் திருவெண்பாக்கத்தை வை. நம் திருவள்ளூர் மாவட்டம்தான், பூண்டி. 1944இல் முடிந்த நீர்த்தேக்கத்துக்காகப் பழைய கோயில் நீருக்குள் போக, சற்றுத் தள்ளிப் புதிதாகக் கட்டினார்கள். அங்கே தேங்குகிற கொசஸ்தலை ஆறு நமக்குத் தெற்கே எண்ணூரில்தான் கடலில் சேர்கிறது. கதை உனக்குத் தெரிந்திருக்கும். திருவொற்றியூரில் சங்கிலியாரைக் கட்டிக்கொள்ளுமுன் சுந்தரர், உன்னைப் பிரிய மாட்டேன் என்று மகிழ மரத்தடியில் சத்தியம் செய்கிறார். பிறகு திருவாரூர் நினைப்பு வர, எல்லையைத் தாண்டுகிறார், இரண்டு கண்ணும் போய்விடுகிறது. தட்டுத் தடுமாறி வெண்பாக்கம் வந்து, சாமி, கோயிலுக்குள்தான் இருக்கிறீரா என்று கேட்கிறார். உள்ளேயிருந்து, இருக்கிறோம், நீர் போம் என்று பதில் வருகிறது, ஊன்றிக்கொள்ள ஒரு கோலும் கிடைக்கிறது. அந்த வயிற்றெரிச்சல்தான் பதிகம். பண் சீகாமரம், இப்போது நாதநாமக்கிரியையில் பாடுகிறார்கள். கண் தெரியாதவர் பாடிய பாட்டுக்கு உன் செயலியில் ஓடுகிற எழுத்தும் வண்ணப் படமும் எதற்கு? இந்த ஒரு பதிகத்துக்காவது திரையைக் கருப்பாக விட்டுவிடு.

அடுத்தது திருக்கொள்ளம்பூதூர். முள்ளியாற்றில் வெள்ளம். ஓடக்காரர்கள் ஓடத்தைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். சம்பந்தர் கட்டை அவிழ்த்து, அடியார்களை ஏற்றி, துடுப்பும் கோலும் இல்லாமல் பாடியே அக்கரை சேர்ந்தார் என்று சேக்கிழார் சொல்கிறார். நாக்கையே கோலாக ஊன்றினாராம். ஏரியில் இடுப்பளவுத் தண்ணீரில் நாள் முழுக்கக் கோல் ஊன்றித் தோள் வலிக்கிற நம் ஆட்களுக்கு இதற்கு உரை எழுத வேண்டியதில்லை. ஓடத்தைப் போகச் செய் என்று பாட்டுக்குப் பாட்டு கேட்கிறார் பிள்ளை. அங்கே இன்றும் ஐப்பசியில் ஓடத் திருவிழா நடக்கிறது.

மூன்றாவது, அப்பரின் நமச்சிவாயப் பதிகம். பல்லவன் கல்லில் கட்டிக் கடலில் தள்ள, கல் மிதந்து கரையேறியது என்பது புராணம். கரை சேர்ந்த இடத்துக்குக் கடலூர்ப் பக்கம் கரையேறவிட்டகுப்பம் என்றே பெயர், குப்பம் என்பதைக் கவனி. கல் எப்படி மிதக்கும் என்று விஞ்ஞான விளக்கம் எதையும் சேர்த்துவிடாதே. வலைக்குக் கல் கட்டி இறக்கியவர்களுக்குக் கல் என்ன செய்யும் என்று உன்னைவிட நன்றாகத் தெரியும், தெரிந்துதான் கேட்பார்கள். இன்னொரு நுட்பம் உண்டு. இந்தப் பதிகமும் கொள்ளம்பூதூர் ஓடப் பதிகமும் ஒரே பண், காந்தார பஞ்சமம், இன்றைய கேதாரகௌளை. இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் ராகம் தெரியாதவனுக்கும், இது அதே மெட்டாச்சே என்று பொறி தட்டும். பண்ணைப் பற்றி நீ பக்கம் பக்கமாக எழுதியிருப்பதைவிட அது மேல்.

நாலாவதாக, திருத்தொண்டத் தொகையை மறந்துவிடாதே. நாகப்பட்டினத்து நுளைப்பாடியில் மீன் பிடித்த அதிபத்த நாயனார் பெயர் அதில் வருகிறது. பிடித்ததில் முதல் மீனைச் சிவனுக்கென்று கடலில் விட்டவர், வறுமையில் தங்க மீன் சிக்கியபோதும் அதையும் விட்டவர். அந்த இடம் வரும்போது நம் ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள் பார்.

பொருள் சொல்வதைப் பற்றி. பாட்டு ஓடும்போதே கீழே பொருள் ஓடுகிறதே, அதை எடுத்துவிடு. படிக்கிறவன் கேட்க மாட்டான். ஒரு பாட்டு முழுதாக முடியட்டும், சற்று மௌனம், பிறகு நாலு வாக்கியத்தில் பேச்சுத் தமிழில் பொருள், பிறகு அதே பாட்டு மறுபடி. இரண்டாம் முறை கேட்கும்போதுதான் சொல் ஒவ்வொன்றாக இடம் பிடிக்கும். பொருள் சொல்ல நீ வைத்திருக்கும் இயந்திரக் குரல் எழும்பூர் ஸ்டேஷனில் ரயில் வருவதை அறிவிக்கிற மாதிரி இருக்கிறது. மனிதக் குரல் வேண்டும். கோட்டைக்குப்பத்திலோ கூனங்குப்பத்திலோ நன்றாகப் பேசுகிற ஒரு பெண்ணைப் பேசச் சொல். 'பாசம்', 'மலம்' என்று சித்தாந்தச் சொற்களைப் போட்டு அவளை மிரட்டாதே.

பாடுவதற்கு ஓதுவாரிடம் போ. இணையத்தில் கிடைக்கிறதே என்று யாருடைய ஒலிப்பதிவையும் எடுத்துப் போட்டுவிடாதே. பாட்டு ஆயிரம் வருஷத்துக்கு மேல் பழையது, எல்லோருக்கும் சொந்தம். குரல் பாடினவருக்குச் சொந்தம். எழுத்தில் சம்மதம் வாங்கு, கூலியைப் பேசி முன்பணமாகக் கொடு. 2021இல் மாடம்பாக்கம் தேனுபுரீஸ்வரர் கோயிலில் சுஹாஞ்சனா என்ற பெண் ஓதுவாராகப் பணி நியமனம் பெற்றது பத்திரிகையில் வந்தது. எருக்கத்தம்புலியூர்ப் பெண்ணை நினைத்துப் பார்க்கும்போது, ஒரு பதிகமாவது பெண் குரலில் இருந்தால் நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது. ஓதுவார் தாளம் தட்டி, மேளம் சேர்க்காமல் பாடட்டும். கீபோர்டு வேண்டவே வேண்டாம்.

ஒலிபெருக்கியில் போடுகிற வசதி வேண்டும் என்று இங்கே சில இளவட்டங்கள் கேட்பார்கள். கொடுக்காதே. இந்த ஊரில் பள்ளிவாசலும் மாதா கோயிலும் சிவன் கோயிலும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன, யாருக்கும் யாரோடும் சண்டையில்லை. காதில் மாட்டிக் கேட்கிறவரை அப்படியே இருக்கும். விளம்பரமும் வேண்டாம். சுந்தரர் கண்ணில்லாமல் புலம்பும்போது நடுவில் கடன் வேண்டுமா என்று ஒரு குரல் கேட்டால், போனை ஏரியில் எறிந்துவிடுவேன்.

வெளியிட அவசரப்படாதே. பொங்கலுக்கு வரும்போது இந்த நாலு பதிகத்தை மட்டும் போட்டுக் கொண்டு வா. படகில் போகிற நாலு பேருக்கும் இறால் பிரிக்கிற நாலு பேருக்கும் கொடுப்போம். ஒரு வாரம் கழித்து அவர்களே திரும்பக் கேட்டால் வெளியிடு. கேட்காவிட்டால் அத்தையிடம் சாப்பிட்டுவிட்டு, மறுபடி உட்கார்ந்து வேலையைப் பார்.

இப்படிக்கு,
உன் மாமா