கைம்முதல் குறைந்தோர்க்கு ஊர்க்கோழி வளர்ப்பு

வன்னிக் கமக்காரர் பெரும்பாலார்க்குக் காலபோக அறுவடையே ஆண்டின் பெருவரவு. ஏனைய மாதங்களின் வீட்டுச் செலவுக்குச் சிறு முதலில் உதவவல்லது ஊர்க்கோழி வளர்ப்பு.

தொடக்கம்: ஐந்து பேடுகளும் ஒரு சேவலும் போதும். கூட்டை வளவிற் கிடைக்கும் கம்பு, கிடுகு கொண்டு நிலத்தினின்று இரண்டடி உயரத்தில் அமைக்கலாம். கீரி, மரநாய் நுழையாதவாறு கம்பிவலை அடித்தல் வேண்டும். இதிற் சிக்கனம் ஆகாது.

அடை: ஓர் அடைகோழிக்கு 10 முதல் 12 முட்டைகள் வைக்கலாம். 7ஆம் நாள் இரவு விளக்கொளியிற் பார்த்துக் கூழ்முட்டைகளை நீக்குக. 21ஆம் நாள் குஞ்சு பொரிக்கும்.

தீன்: குறுணல், தவிடு, தேங்காய்ப் பிண்ணாக்கு ஆகியவற்றுடன் குஞ்சுகளுக்குக் கறையானும் இடுக.

நோய்: இராணிக்கேத்து நோய் சில நாட்களிற் கூட்டையே வெறுமையாக்கும், அதற்கு மருந்தில்லை. அரச மிருக வைத்திய அலுவலகத்தை நாடி, உரிய காலத்தில் தடுப்பு மருந்து பெறுக.

கடன்: வாரத் தவணைக் கடனில் இத்தொழிலைத் தொடங்கலாகாது. தவணை ஏழாம் நாளே வரும். குஞ்சு விலைப்பட நான்கைந்து மாதமாகும். 2018இல் வரட்சியுற்ற 12 மாவட்டங்களிற் பெண்களின் நுண்கடனைத் தள்ளுபடி செய்ய அரசு முன்வர நேர்ந்ததை நினைவிற் கொள்க.

பெருக்கம்: முதற் பொரிப்பிற் சேவல்களை விற்றுப் பேடுகளை வைத்துக்கொள்க. கோழியாலேயே கோழி பெருகுதல் நன்று.