தகப்பனை இழந்த பிள்ளைகள்

 

நம்மில் ஒருவர் மவுத்தாகிவிட்டால் கடையடைத்து ஜனாஸாவுக்குத் திரளாகப் போகிறோம். அடக்கம் முடிந்து திரும்பும்போதே, மீசை அரும்பும் வயதிலுள்ள மூத்த மகனின் தோளைத் தட்டி, "தம்பி, இனி நீதான் வீட்டுக்கு ஆம்பிளை, அழக்கூடாது" என்கிறோம். நல்லெண்ணத்தில் சொல்வதுதான். ஆனால் நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய வழி வேறு.

ஹிஜ்ரி 8-ம் ஆண்டு, அதாவது கி.பி. 629-ல், மூத்தா யுத்தத்தில் ஜஃபர் (ரலி) அவர்கள் ஷஹீதானார்கள். நாயகம் அவர்கள் ஜஃபரின் வீட்டுக்குப் போய், பிள்ளைகளை வரவழைத்து அணைத்துக்கொண்டார்கள். வாய் திறப்பதற்கு முன் கண்ணீர் வந்துவிட்டது. அதைக் கண்டுதான் தாயார் அஸ்மா (ரலி) அவர்கள் விஷயம் என்னவென்று கேட்டார்கள். பிறகு, அந்த வீட்டாருக்கு உணவு சமைத்து அனுப்பும்படி நாயகம் அவர்கள் சொன்னார்கள். மூன்று நாள் அவர்களை விட்டுவைத்தார்கள். அதன்பின் வந்து, இனி அழுகை வேண்டாமென்று சொல்லி, நாவிதரை அழைத்துப் பையன்களுக்கு முடி களையச் செய்தார்கள்.

அடுத்து நடந்ததைத்தான் நாம் ஊன்றிப் பார்க்கவேண்டும். முஹம்மது என்ற மகன் நம் பெரிய தந்தை அபூதாலிபின் சாயல் என்றும், அப்துல்லாஹ் உருவத்திலும் குணத்திலும் தம்முடைய சாயல் என்றும் சொன்னார்கள். அப்துல்லாஹ்வின் கையைப் பிடித்து, அவருடைய வியாபாரத்தில் பரக்கத் உண்டாக துஆச் செய்தார்கள். பிள்ளைகள் எத்தீமாகிவிட்டார்களே என்று தாயார் வருந்தியபோது, தாமே அவர்களுக்கு வலீ என்றார்கள். வியாபாரத்துக்கு துஆச் செய்தார்களே தவிர, குடும்பச் சுமையைச் சிறுவன் தலையில் ஏற்றவில்லை. அதைப் பெரியவர் எடுத்துக்கொண்டார்.

துக்கம் மூன்று நாள்தானே, இவன் ஏன் மாதக்கணக்கில் முகம் வாடியிருக்கிறான் என்று சிலர் கேட்கக்கூடும். மூன்று நாள் என்பது வெளித் துக்கத்துக்கு வைத்த எல்லை. மனதுக்கு வைத்த எல்லை அல்ல. அழகிய சபுரை நாடிய யஃகூப் நபி (அலை) அவர்களுக்கே, யூசுபை நினைத்துக் கண்கள் வெளுத்துப்போயின.

ஜஃபரின் மக்கள் சிறு பிள்ளைகள். பதின்மூன்று முதல் பதினேழு வயதுவரை உள்ள பிள்ளைகளிடம் துக்கம் பல வேஷத்தில் வரும். காக்கா வாய் திறவாமல் கல்லாவில் உட்கார்ந்திருப்பான். தங்கச்சி சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுவாள். கடைக்குட்டி பந்து விளையாடப் போய்விடுவான். காக்காவுக்குப் பாசமில்லை என்று தங்கச்சி நினைப்பாள். அவனோ, உம்மா பார்க்கக்கூடாதென்று சரக்கு அறையில் போய் அழுவான். பற்றுவரவு நோட்டில் வாப்பாவின் கையெழுத்தைப் பார்த்தால் போதும், அன்று முழுதும் கணக்குத் தப்பும். பெருநாள் காலையிலும் பரீட்சை முடிவு வரும் நாளிலும் துக்கம் புதிதாக வரும். கைப்பேசியிலுள்ள வாப்பாவின் குரலை அழிக்கச் சொல்லாதீர்கள். படிப்பிலோ தூக்கத்திலோ குறை நீடித்தால் பள்ளிக்கூடத்து ஆலோசகரிடம் சொல்வதில் வெட்கமில்லை.

துக்கம் விசாரிக்க முதல் வாரம் எல்லாரும் வருவார்கள். நாற்பது நாள் கழித்துப் போகிறவர்தான் குறைவு. அப்போது போங்கள். பிள்ளைகளைத் தனித்தனியே தேத்தண்ணீர் குடிக்க அழைத்துப்போய், அவர்கள் அறியாத வாப்பாவைச் சொல்லுங்கள்: முதல் கடையை எப்படிப் பிடித்தார், யாருக்குக் கடனைத் தள்ளிக் கொடுத்தார், எதற்கு விழுந்து விழுந்து சிரிப்பார் என்று. இந்தச் சொத்து உறவுக்காரர்களைவிட நம்மைப்போன்ற கடைத்தெருக்காரரிடமே அதிகம் உண்டு.

மற்றச் சொத்தையும் மறந்துவிடக்கூடாது. எத்தீமின் பொருளை, அவர்கள் பக்குவமடைந்ததும் சாட்சி வைத்து ஒப்படைக்கும்படி அந்நிஸா அத்தியாயம் கட்டளையிடுகிறது. கூட்டுக்கடையாயின், இறந்தவரின் பங்கைத் தாமதமின்றிக் கணக்கெழுதி, பிள்ளைகள் முன்னிலையில் வாசித்துக் காட்டுங்கள். மகளுக்கும் பங்குண்டு, வாசிக்கும்போது அவளையும் கூட உட்கார வையுங்கள்.